பிரிக்காத சாப்பாட்டுப் பை

லண்டனுக்கு வந்து ஏழாம் மாதம் வேலை செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்தது. அடுத்த கிழமையே சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளீனிங் வேலை எடுத்துத் தந்தார். 1991. விடியமுன் தெற்கு லண்டனில் நாங்கள் இருந்த ரூட்டிங்கில் நைட் பஸ் ஏறினால் ஐந்து மணிக்கு ஹூவர் கையில் இருக்கும். எட்டு மணிக்கு முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குள் போய்க் கொஞ்சம் நிற்பேன். வெளியே குளிர், உள்ளே அவ்வளவு இல்லை, வேறு காரணம் கிடையாது. கோட்டுப் போட்ட சனம் ரயிலை விட்டிறங்கி என்னைக் கடந்து ஓடும். நான் இப்போது துடைத்துவிட்டு வந்த மேசைகளுக்குத்தானே ஓடுகிறார்கள் என்று நினைக்கச் சிரிப்பு வரும்.

அதே ஸ்டேஷனில் 1939 ஜூன் மாதம் ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கினான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆல்ஃப் டப்ஸ், பிராக் நகரத்துப் பிள்ளை. தகப்பன் யூதர். அந்த மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக்குக்குள் வந்ததும் அவர் லண்டனுக்கு ஓடிவிட்டார். தாய்க்கு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. பையனைத் தனியே ரயில் ஏற்றிவிட்டார். நிக்கலஸ் வின்டன் என்ற லண்டன் பங்குத் தரகரும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படி 669 பிள்ளைகளை அங்கிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பேற்க ஆள் வேண்டும், பிறகு திருப்பி அனுப்பும் செலவுக்கென்று 50 பவுண் பிணையும் கட்டவேண்டும். அந்தக் காலத்து 50 பவுண் சின்னக் காசு அல்ல.

அந்தப் பயணம் பற்றி டப்ஸ் பிற்காலத்தில் சொன்னவற்றில் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போவதில்லை. தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையை அவர் இரண்டு நாளும் திறக்கவேயில்லையாம்.

எனக்கு அம்மா அரியதரம் சுட்டுத் தந்தவ. கொழும்பில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜ் குசினியில் நின்று, அந்தச் சமையல்காரனிடம் கெஞ்சித் தாச்சி வாங்கிச் சுட்டது. மொஸ்கோவில், காசுக்கு ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்த அறையில் மூன்று கிழமை கிடந்தேன். பாணும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. அப்போதும் அந்தப் பேணியைத் திறக்கவில்லை. ரூட்டிங்கில் சித்தி திறந்தபோது மேலே பச்சையாய்ப் பூஞ்சணம். "ஏன் தம்பி சாப்பிடேல்லை?" என்று கேட்டா. என்னத்தைச் சொல்வது? நல்லாய் இருந்த நாலைந்தை எடுத்துத் துடைத்துத் தேத்தண்ணியோடு வைத்தா. அதைச் சாப்பிட்டேன்.

டப்ஸின் தாய் 1939 ஓகஸ்ட் 31 அன்று எப்படியோ லண்டன் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த நாள் யுத்தம் தொடங்கிவிட்டது. ஒரு நாள் பிந்தியிருந்தால்? அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் தகப்பனைத் திரும்பப் பார்க்கக் கிடைக்கவில்லை. டப்ஸ் குடும்பம் வட அயர்லாந்தில் குக்ஸ்டவுன் என்ற சின்ன ஊருக்குப் போனது. கொஞ்ச நாளில் தகப்பன் இறந்துபோனார். தாயும் மகனும் மான்செஸ்டருக்கு இடம் மாறினார்கள்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். லண்டன் பொருளியல் கல்லூரியில் படிப்பு, தொழிற்கட்சி, தோற்ற தேர்தல்கள் சில. 1979இல் 46 வயதில் பாட்டர்சி தெற்கின் எம்.பி. ஆனார். பாட்டர்சி எங்கள் ரூட்டிங்குக்குப் பக்கத்து ஊர்தான். 1987 தேர்தலில் அந்த இடமும் போனது. எங்கள் ஆட்களுக்கு 1987 வேறு விதமாக ஞாபகம் இருக்கும். பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்ப வெளிக்கிட்டபோது தமிழ்ப் பெடியன்கள் உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். அதே வருடம், ஒழுங்கான விசா இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமானக் கம்பனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம் என்று சட்டம் வந்தது. பிறகு ஏஜென்சிக்காரர்களின் விலை ஏறாமல் என்ன செய்யும்?

தோற்ற மனுசன் அடுத்த வருடம் அகதிகள் கவுன்சிலின் இயக்குநராகப் போனார். 1995 வரை அங்கேதான். நான் அகதியாக ஏற்கச் சொல்லிக் கேஸ் கொடுத்துவிட்டுத் தபால்காரனின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்த வருடங்கள் அவை. 1994இல் பிரபுக்கள் சபைக்குப் போனார். பட்டத்தில் பாட்டர்சி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தேர்தலே இல்லாத அந்தச் சபையில் எனக்குப் பெரிய மதிப்பொன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. 1997இல் அவரை வட அயர்லாந்துக்கு இளைய அமைச்சராக அனுப்பினார்கள். தகப்பன் செத்துப்போன இடம்.

சரி, இவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் சொல்லவேண்டும்.

2016இல் பிரான்ஸ் துறைமுகம் கலேயில் அகதிப் பிள்ளைகள் சேற்றுக்குள் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். ஐரோப்பாவில் தனித்துப்போன 3,000 பிள்ளைகளை எடுக்கவேண்டும் என்று டப்ஸ் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு 83 வயது. ஏப்ரலில் கீழ்ச்சபை 294க்கு 276 என்று தோற்கடித்தது. பிறகு அரசாங்கம் இறங்கி வந்து, எண்ணிக்கையை எடுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. ஒக்டோபரில் கலேயில் இருந்து கொஞ்சப் பெடியன்கள் வந்து இறங்க, பத்திரிகைகளில் அவர்களின் முகங்கள். இவர்கள் பிள்ளைகளா பெரிய ஆட்களா, பல்லைச் சோதியுங்கள் என்று பெரிய சத்தம்.

நான் சோபாவில் இருந்து ரீவியைப் பார்த்து, "உவங்கள் பிள்ளையளோ? தாடியைப் பார். எல்லாரையும் எடுத்தா நாடு தாங்குமோ?" என்றேன். எங்கள் கோயில் அன்னதானத்தில், கடை வாசலில், எல்லா இடத்திலும் கேட்கிற கதைதான். கதைக்கிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே கேஸ் கொடுத்து வந்தவர்கள்.

மகள் போனில் இருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, நீங்க வரேக்க எத்தினை வயசு?"

"பதினேழு."

"மீசை இருந்ததோ?"

இருந்தது. அன்று என்னை விசாரித்த அதிகாரி என் முகத்தைப் பார்த்து, உனக்கு இருபத்தைந்து இருக்கும் என்று சொல்லியிருந்தான். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மகளிடம் இதை நான் முன்பு சொன்னதேயில்லை, அன்றும் சொல்லவில்லை. அவள்தான் டப்ஸின் பெயரைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் படித்தார்களாம். இரவு நித்திரை வராமல் போனில் தேடி வாசித்தேன். சாப்பாட்டுப் பையின் கதையும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

அடுத்த பெப்ரவரியில் 350 பேரோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பிறகு அந்தக் கணக்கு 480 ஆனது. 3,000 கேட்டவருக்கு 480.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மகளோடு லிவர்பூல் ஸ்ட்ரீட் போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே, ரயிலில் வந்த அந்தப் பிள்ளைகளுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2006இல் வைத்தது, நான் அந்தப் பக்கத்து வேலையை விட்டுக் கன வருடம். செய்த ஃபிராங்க் மைஸ்லரும் அப்படி ரயிலில் வந்த பிள்ளைதானாம். பிள்ளைகள் பெட்டிகளோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெண்கலப் பெட்டி ஒன்றின் மேல் யாரோ பாதி கடித்த சாண்ட்விச்சை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட கிளீனர் பெடியன் ஒருவன் வந்து அதை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, பெட்டியின் மேல் சிந்தியிருந்த துகள்களையும் கையுறையால் தட்டிவிட்டுப் போனான்.