பூட்டு வாங்கப் போய் பேட்டன்ட் படித்த கதை

அலுவலகத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு நல்ல பூட்டு தேவைப்பட்டது. தேர்வு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த விளம்பரத் தாளைப் புரட்டினாலும் ‘காப்புரிமை பெற்றது’ என்றிருந்தது. பெற்றது பூட்டா, சாவியா என்று மட்டும் எதிலும் இல்லை. சரி, மூலப் பத்திரத்தையே பார்த்துவிடலாம் என்று, காப்புரிமைப் பத்திரங்களைத் தேடிப் படிக்க உதவும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தைத் திறந்தேன்.

உள்ளே ‘பின்’ (pin) எனும் சின்ன உலோகக் குச்சிகள் வைத்த பூட்டுகளுக்கெல்லாம் அடிப்படை, லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் வாங்கிய காப்புரிமைகள். சாவி எல்லாப் பின்களையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால், சாவி நுழையும் உருளையான சிலிண்டர் சுழலும். உயர்பாதுகாப்புப் பூட்டுக்காரர்கள் இதோடு இரண்டாவது நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார்கள். அது என்ன என்று தேடினாலே ஒப்பீடு பாதி முடிந்துவிடும்.

அமெரிக்காவின் மெடிகோ நிறுவனத்துக்கு 1970-இல் கிடைத்த காப்புரிமையின் எண் 3,499,302. அதில் பின்னின் முனை உளி மாதிரி, சாவியின் வெட்டுகள் சாய்வானவை. பின் உயர்ந்தால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். எல்லாம் உரிய கோணத்தில் நின்றால்தான் சைட்பார் என்ற பக்கவாட்டுக் கம்பி பின்களின் பள்ளத்தில் இறங்கி வழிவிடும். இஸ்ரேலின் மல்-டி-லாக் நிறுவனப் பூட்டில் பின்னுக்குள் இன்னொரு பின். இரண்டும் தனித்தனியாகச் சரியான உயரத்துக்கு வர வேண்டும். ஷ்லேக் நிறுவனத்தின் ப்ரைமஸ் பூட்டில் வழக்கமான பின்களோடு, சாவியின் பக்கவாட்டு வெட்டைத் தொட்டு நிற்கும் ஐந்து சின்னப் பின்கள். அதன் 1988-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் உள்ள பெயர் போ விடேன். ஸ்வீடனின் அஸ்ஸா ட்வின் பூட்டும் இவர் வேலைதான். எதிரெதிர் கடைகளில் ஒரே ஆசாரி!

பத்திரங்களில் படமும் விளக்கமும் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். கடைசியில் வரும் க்ளெய்ம்கள் எனும் உரிமைக் கோரிக்கைகளில்தான் சட்டம் உண்மையில் எதைக் காக்கிறது என்பது இருக்கிறது. அங்கே சாவியின் வடிவத்தைப் பற்றிய வரிகளைத் தேடினேன். கள்ளச்சாவி வல்லுநரைவிட, தெருமுனையில் நகல் சாவி வெட்டுபவரைத் தடுக்கத்தான் அவை பெரிதும் உதவுகின்றன: பல் வெட்டாத வெற்றுச் சாவியான பிளாங்க்கை வேறு யாரும் தயாரிக்க முடியாது.

இந்தக் கண்ணோடு தேதிகளைப் பார்த்தபோது சுவாரஸ்யமாகிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள், வழங்கியதிலிருந்து 17 ஆண்டு. 1970-உடன் கூட்டினால் 1987. மெடிகோவின் அடுத்த மாடலான பயாக்சியலுக்குக் காப்புரிமை வந்ததும் 1987-இல்தான். முனையைப் பின்னின் மையத்திலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியிருந்தார்கள். அப்புறம் எம்3 என்ற மாடல், அதில் சாவியின் பக்கவாட்டுப் படி தள்ளும் ஒரு ஸ்லைடர், அதாவது நகரும் துண்டு. பொறியியல் முன்னேற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாட்காட்டியும் சேர்ந்தே வடிவமைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

நம்மூருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்க எண்ணைக் காட்டி, சென்னையில் பிளாங்க் செய்பவரைத் தடுக்க முடியாது. இங்கே தனியாகப் பதிந்திருக்க வேண்டும், அதுவும் விண்ணப்பித்து 20 ஆண்டு தாண்டாமல் இருக்க வேண்டும். அதனால் விற்பனையாளரிடம் இரண்டே கேள்விதான் கேட்டேன்: இந்த மாடலின் இந்தியக் காப்புரிமை எண் என்ன? உரிமையாளர் அட்டை இல்லாமல் நகல் சாவி கேட்டால் கொடுப்பீர்களா? முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு எழுத்தில் உறுதி தந்தவரிடம் வாங்கிவிட்டேன்.