கவிழ்ந்து வரும் சீட்டுகள்

கோவாவில் மாண்டோவி ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றில் ஐந்து வருடம் போக்கர் டீலராக இருந்தேன். சாயங்காலம் பணஜி படித்துறையில் சின்னப் படகு ஏறி வேலைக்குப் போவேன். திரும்பும்போது விடிந்திருக்கும். அரை மணிக்கு ஒருமுறை மேசை மாற்றுவார்கள். மணிக்கு 25, 30 ஆட்டம் போடுவேன்.

ஆட்டக்காரர் கையிலிருக்கும் சீட்டு டீலருக்குத் தெரியாது. கடைசி வரை நின்று விரித்துக் காட்டுபவரின் சீட்டை மட்டும்தான் பார்க்க முடியும். போல்ட் செய்தவரின், அதாவது நடுவிலேயே விலகியவரின், சீட்டு கவிழ்ந்தபடி என்னிடம் வரும், அப்படியே சேர்த்துக் கலைத்துவிட வேண்டும். திருப்பிப் பார்த்தால் வேலை போய்விடும். அதனால் முதல் வருடம் நான் கற்றுக்கொண்ட போக்கர் பெரும்பாலும் மற்றவர்களின் தப்பான முடிவுகள்தான். எட்டு ஜோடியோ (இரண்டு எட்டு) பத்து ஜோடியோ வைத்துக்கொண்டு மூன்று பந்தயத்துக்கும் காசைக் கட்டிவிட்டு, எதிராளி ராஜாவைத் திருப்பியதும் நாற்காலியில் சரிபவர்களைத் தினமும் பார்த்தேன். சரியான நேரத்தில் விலகியவர்களும் அதே மேசையில்தான் இருந்தார்கள். அவர்களுடைய சீட்டு என் உள்ளங்கைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போட்ட போக்கர் வகையான டெக்சாஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று சேர்ந்து பிளாப், பிறகு டர்ன், கடைசியில் ரிவர். கையில் வரும் இரண்டும் ஜோடியாக அமைவது 17 தடவைக்கு ஒரு தடவை. ரொம்ப நேரம் காத்திருந்து வருவதால் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி வந்தால் யோசிக்க அதிகம் இல்லை. இரண்டு ஜோடி, மூன்று ஜோடி மாதிரி சின்னது வந்தால் பிளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு சேர்ந்தால் ஆடுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். மனிதனைப் படுத்துவது ஏழிலிருந்து ஜாக்கி வரைக்கும் உள்ள ஜோடிகள்தான். எட்டு ஜோடி இருந்தால், பிளாப்பில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது 100-க்கு 87 தடவை. ஒன்பதுக்கு 79. ஜாக்கி ஜோடிக்கே 57. இன்னொரு எட்டு விழுந்து செட் ஆவது 100-க்கு 12 தடவைகூட இல்லை.

பெரிய சீட்டு விழுந்தவுடன் ஓடுவதும் தப்பு. எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தாலும், பிளாப்பில் அவருக்கு ஒன்றாவது சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். ஒவ்வொரு ராஜாவுக்கும் பயந்தால் மேசையில் இருக்கிற எல்லோரும் நம்மிடம் பிடுங்கிக்கொள்வார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பெரியவர். மில் உதிரிபாகம் விற்பவர். ஆட்டத்தின் நடுவே மேசையில் ஆங்கிலமோ இந்தியோ மட்டும்தான் பேசலாம் என்பது எங்கள் விதி, எனவே அவர் இடைவேளையில்தான் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவார்.

ஒருநாள் இரவு 100-200 மேசை, அதாவது சீட்டு வருமுன் ஒருவர் 100-ம் அடுத்தவர் 200-ம் கட்டாயமாக வைக்க வேண்டும். 200 வைப்பவர்தான் பிக் பிளைண்ட். அவர் 600-க்கு ஏற்றினார். பட்டனில், அதாவது பிளாப்புக்குப் பிறகு கடைசியாக முறை வரும் இடத்தில், இருந்த பெங்களூர்ப் பையன் அதே காசைக் கட்டிக் கால், பிக் பிளைண்டும் கால். நடுவில் சேர்ந்த காசு, பாட், 1,900. பிளாப் ராஜா, 7, 4. பெரியவர் 900 வைத்தார், பிக் பிளைண்ட் விலகினார், பையன் சத்தமில்லாமல் கால் செய்தான். பாட் 3,700. டர்னில் 2. பெரியவர் பந்தயம் வைக்காமல் செக் செய்தார். பையன் 2,500 வைத்தான்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு சீட்டையும் திருப்பிக் காட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார். ஒன்பது ஜோடி. மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் பயந்துவிட்டார் என்றுதான் பட்டது. இடைவேளையில் டெக்கில் டீ குடித்துக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டேன்.

"ஐயா, அவன்கிட்ட ராஜா இல்லாம இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம் தம்பி. ஒன்பது மாறவே இல்லை. மாறினது அவன். மூணு மணி நேரமா அந்தப் பையன் டர்ன்ல எப்பப்பா காசு வெச்சான்? நீதான பக்கத்துல உட்கார்ந்திருக்க."

நான் கவனிக்கவில்லை. காசு எண்ணுவதிலும் முறை பார்ப்பதிலும் இருந்தேன். அவர் கணக்கையும் சொன்னார். 6,200 இருக்கும் பாட்டுக்கு 2,500 கட்ட வேண்டும் என்றால் 100-க்கு 29 தடவையாவது ஜெயிக்க வேண்டும். பின்தங்கியிருந்தால் காப்பாற்ற மிச்சம் இருப்பது இரண்டே ஒன்பது, பார்க்காத 46 சீட்டில் இரண்டு. 100-க்கு நாலு சொச்சம். ஆக, அவன் நான்கில் ஒரு தடவைக்குக் குறையாமல் வெறுங்கையோடு பந்தயம் வைக்கிறவனாக இருக்க வேண்டும். அதோடு 2,500 முழு விலையும் கிடையாது. ரிவரில் இன்னொரு பந்தயம் வரும், அது 5,000-ஆகக்கூட இருக்கலாம். "கால் பண்றதுக்கு முன்னாடி அதையும் சேர்த்துக் கேட்டுக்கணும்," என்றார்.

எனக்கு ஊர்க் கல்யாண வீட்டு ரம்மி ஞாபகம் வந்தது. 101 ஆட்டத்தில் முதலிலேயே ஆட்டத்தை விட்டு இறங்கினால் 20 புள்ளி அபராதம், ஒரு சீட்டு எடுத்த பிறகு இறங்கினால் 40. அந்த 40-ஐக் கொடுக்க மனம் வராமல் முழுத் தோல்வி வரைக்கும் போன சித்தப்பாக்களை எனக்குத் தெரியும். போக்கரில் இறங்கும் விலையை யாரும் எழுதி வைப்பதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே போட்ட 1,500 தன்னுடைய காசு என்று பெரியவர் நினைக்கவே இல்லை. அது என் முன்னால் பாட்டில் கிடந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் இரவே பெரியவரிடம் பத்து ஜோடி வந்தது. பிளாப்பில் ராணி. எதிரே எல்லாக் கைக்கும் பந்தயம் வைக்கும் ஓர் ஆள். மூன்று சுற்றும் பெரியவர் பேசாமல் கால் செய்தார். எதிராளி சேராத ஏஸ், ஜாக்கியைக் காட்டினார். பாட்டைப் பெரியவர் பக்கம் தள்ளும்போது முந்தின நாள் நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சீட்டு இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆள் வேறு. மேசையில் மூன்று பேர் இருந்திருந்தால் முதல் பந்தயத்துக்கே விட்டிருப்பேன் என்று பிறகு சொன்னார்.

அதிலிருந்து என் வேலையே எனக்கு வேறாகிப் போனது. யார் எந்தச் சுற்றில் காசு வைக்கிறார், யாருடைய கை சிப்பை நோக்கி முன்கூட்டியே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். டீலர் வாய் திறக்கக் கூடாது, முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்துகொண்டு சும்மா இருப்பது ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. தோற்கப்போகும் பையன் ஒருவன் சிப்பை உருட்டிக்கொண்டு யோசிக்கும்போது, விடுப்பா என்று சொல்லத் தோன்றும்.

கப்பல் வேலையை விடுவதற்குச் சில வாரம் முன்பு பெரியவர் என் மேசையில் கடைசியாக உட்கார்ந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு பெரிய பாட். டர்னில் ஏஸ் விழுந்தது, எதிரிலிருந்து கனமான பந்தயம். அவர் எதிராளியை ஒருமுறை பார்த்தார், பாட்டை ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை காட்டவில்லை. இரண்டு சீட்டும் கவிழ்ந்தபடி பச்சைத் துணியில் வழுக்கிக்கொண்டு வந்தன. இடது கையால் சேர்த்துக்கொண்டேன். பாட்டைத் தள்ளினேன். சீட்டைக் கலைத்தேன்: இரண்டு ரிஃபிள், ஒரு ஸ்ட்ரிப், மறுபடி ரிஃபிள், கட். அடுத்த ஆட்டம் போட்டேன்.