வியாசர்பாடியில் ஒரு புளிச்சைக்கீரைப் பாத்தி

1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, கடைகள் அரசுடைமையாகி, 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளும் செல்லாமற்போன பின்னர், ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பலேறிய ஏராளமான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அரசு ஆவணங்களில் நாங்கள் தாயகம் திரும்பியோர். அங்கேயே பிறந்த எனக்கோ இது கண்டறியாத நாடு.

வியாசர்பாடியில் அம்மா முதலில் வளர்த்தது, தகர டின்னில் விதைத்த புளிச்சைக்கீரையைத்தான். காய்ந்த இறாலும் மூங்கில் குருத்தும் சேர்த்து அதை வதக்குவது பர்மா வழக்கம். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டார் அதே கீரையில் பச்சடி அரைத்தார்கள். இரு வீட்டுக்கும் பேச்சு தொடங்கியது அந்தக் கீரையால்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, குடியிருப்பின் கோடியில் கட்டட இடிபாடுகள் குவிந்திருந்த இடத்தில் எல்லோருமாகத் தோட்டம் போட்டபோது, அந்த மண்ணை நம்பாமல், செங்கல் அணைத்து மேட்டுப்பாத்தி கட்டி, செம்மண்ணும் மட்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் நிரப்பினோம். ஆடிப்பட்டத்தில் வெண்டையும் கத்தரியும் போடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிறுகீரையும் அரைக்கீரையும் அழுகிவிடும் என்பதால் அவற்றைத் தையில்தான் விதைக்கிறோம். 2019இல் புழல் ஏரி வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டிய கோடையில், குடிக்க வேண்டிய நீரைச் செடிக்கு ஊற்ற எவருக்கும் மனம் வரவில்லை. முருங்கை மட்டும் தாக்குப்பிடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பாத்திகளைக் கரைத்துச் சென்றது.

இவற்றைவிடக் கடினமானது ஆட்களைத் தக்கவைப்பது. தொடக்கத்தில் மண்வெட்டி போதாத அளவுக்குக் கூட்டம் வரும். பள்ளித் தேர்வும் ஷிஃப்ட் வேலையும் வந்ததும் கூட்டம் கரைந்துவிடும். அதனால் பாத்தி எவருக்கும் சொந்தமில்லை, ஒவ்வொரு நாள் தண்ணீரும் ஒரு வீட்டின் பொறுப்பு என்று முறை வகுத்தோம். சாவி டீக்கடையில் இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த வீட்டிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "ஆயா, இன்னிக்கு எங்க வீட்டு முறை" என்று பள்ளிச் சீருடையோடு வந்து நிற்கும் பிள்ளைகளால்தான் இத்தோட்டம் பிழைத்திருக்கிறது. கீரையை விற்கலாம் என்று சிலர் சொன்னபோது நான் உறுதியாக மறுத்தேன். காசு வந்தால் யார் எவ்வளவு உழைத்தார் என்ற கணக்கும் வந்துவிடும். அந்த வாரம் நீர் ஊற்றியவர்கள் முதலில் அறுக்கிறார்கள், மிச்சம் தனித்து வாழும் முதியோருக்குப் போகிறது.

புளிச்சைக்கீரையில் சில செடிகளை அறுக்காமல் பூக்க விட்டு, காய் முற்றியதும் விதை எடுத்து வைக்கிறோம். வாடகைக்கு வந்திருக்கும் ஒடிசாக் குடும்பங்களும் இவ்வாண்டு முறையில் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் கேட்டது வள்ளைக்கீரை. அது ரங்கூனில் நாங்களும் விரும்பி உண்டதுதான். அதற்கு ஈரம் வற்றக்கூடாது என்பதால், குழாயடியில் வழியும் நீர் சேரும் பள்ளத்தை அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம்.