சீலாண்டியாவில் ஒரு பகல்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் வெலிங்டன் நகருக்குள்ளேயே, கரோரி பகுதியின் பழைய குடிநீர்த் தேக்கப் பள்ளத்தாக்கில் இருக்கிறது சீலாண்டியா என்ற பறவைச் சரணாலயம். 225 ஹெக்டேர் காடு. அதைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் வேலி. உள்ளே போனதும் பறவையைத் தேடி ஓடாமல், பிள்ளைகளை முதலில் இந்த வேலியின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் புரியும்.

மனிதர்கள் வருவதற்கு முன் இந்த நாட்டின் நிலத்தில் பாலூட்டி என்று இருந்தது வௌவால் மட்டுமே. அதனால் இங்குள்ள பறவைகள் பல தரையிலும் தாழ்வான பொந்துகளிலும் கூடு கட்டப் பழகிவிட்டன. கப்பலில் வந்த எலி, பூனை, ஸ்டோட் (கீரி போன்ற வேட்டை விலங்கு), பாஸம் (மரமேறும் பைப்பாலூட்டி) எல்லாவற்றுக்கும் அது வசதியாகப் போயிற்று. 1999-இல் முடிந்த இந்த வேலி 2.2 மீட்டர் உயரம். உச்சியில் வளைந்த இரும்புத் தகடு இருப்பதால் ஏறி வரும் பூனைக்கோ பாஸமுக்கோ பிடி கிடைக்காது. அடியில் வலை மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடங்கிப் போகிறது. எலி வேலியின் ஓரத்தில்தான் தோண்டும், தோண்டினால் வலைதான் தட்டுப்படும். இத்தனைக்கும் பிறகும் சுண்டெலியை மட்டும் முழுதாக ஒழிக்க முடியவில்லை.

நுழைவாயிலில் பையைச் சோதிப்பது இதனால்தான். முந்தின இரவே பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிடுங்கள். பலரும் மறப்பது குழந்தை வண்டியின் அடிக்கூடை. பிஸ்கட் தூள் சேர்ந்து கிடப்பதும், காரேஜில் சுண்டெலி புகுந்துகொள்வதும் அங்கேதான். கபிட்டி, டிரிடிரி மடாங்கி போன்ற தீவுச் சரணாலயங்களுக்குப் போவதானால் இன்னும் கவனம் வேண்டும்: வாய் திறந்த பைகள் ஆகாது, சாப்பாடு இறுக மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். செருப்பு, ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி வந்தால், குழந்தை வண்டி இருந்தால், கீழ் ஏரியை ஒட்டிய பாதையே போதும். மேலே போகப் போக ஏற்றம் கூடும். எல்லாப் பாதையையும் முடித்துவிட வேண்டும் என்று நடப்பவர்கள்தான் குறைவாகப் பார்க்கிறார்கள். ஓர் இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பறவைகளே வரும்.

உட்கார நல்ல இடம், உணவுத்தட்டுகளின் அருகே. காகா கிளிக்கான பெட்டியில் மிதிப்பலகை ஒன்று உண்டு. கிளி அதில் ஏறி நின்றால் அதன் எடைக்கு மூடி திறக்கும், சின்னப் பறவைகளால் திறக்க முடியாது. ஹிஹி என்ற சின்னப் பறவைக்கு வைக்கும் சர்க்கரைத் தண்ணீரோ கம்பிக்கூண்டுக்குள் இருக்கும். கூண்டின் துளை ஹிஹி நுழையும் அளவுதான், அதைவிடப் பெரிய முரட்டுப் பறவையான டூயி வெளியே நிற்கும். ஒரு காலத்தில் ஹிஹி உலகத்திலேயே ஹவுடுரு என்ற ஒரே தீவில்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கூண்டைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பைனாகுலர் 8×32 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ.) இருந்தால் சிறுவர் கைக்குக் கனக்காது. காடு இருட்டானது, பறவையும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் அதிக உருப்பெருக்கம் தேவையில்லை. ஆறு வயதுக்குக் கீழே பைனாகுலர் பெரும்பாலும் எரிச்சலைத்தான் தரும். அவர்களுக்கு ராபின் என்ற சின்னப் பறவை இருக்கிறது. பாதையோரத்துச் சருகை ஷூ நுனியால் லேசாகக் கிளறிவிட்டு இரண்டு அடி பின்வாங்கி நில்லுங்கள். புழு தேடி, நீண்ட மெல்லிய கால்களோடு அது குழந்தையின் காலடிக்கே வந்துவிடும். கை நீட்டக் கூடாது, பின்னால் ஓடவும் கூடாது.

தகாஹே என்ற அரிய பறவையைப் பார்த்து, அதைப் போன்ற சாதாரணப் பறவையான பூகேகோ என்று கடந்துவிடுபவர்கள் உண்டு. பூகேகோ ஒல்லி, முதுகு கறுப்பு, பறக்கும். தகாஹே கோழியைவிடப் பருமன், முதுகு பச்சை, அலகு தடித்துச் சிவந்திருக்கும், பறக்காது. அழிந்தே போனது என்று எண்ணியிருந்த இந்தப் பறவை 1948-இல் தென்தீவின் மர்ச்சிசன் மலையில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

சாப்பிடும்போது காகா மேசைக்கே வரும். எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு துண்டு ரொட்டியோ முந்திரியோ கொடுக்காதீர்கள். அவற்றில் சுண்ணாம்புச் சத்து போதாது. தாய்ப்பறவை அதையே குஞ்சுக்கு ஊட்டும்போது குஞ்சின் எலும்பு வளைந்துபோகிறது, அப்படி வளைந்தால் காட்டில் பிழைக்காது.

கிவிப் பறவை பகலில் தென்படாது. கபிட்டியிலிருந்து கொண்டுவந்த சின்னப் புள்ளிக் கிவிகளை இரவு நடையில்தான் தேட வேண்டும், சிவப்பு விளக்கோடு. இருட்டில் அரை மணி நேரம் பேசாமல் நடக்கக்கூடிய பிள்ளை என்றால் அழைத்துப் போங்கள்.

2002-இல் இங்கே கொண்டுவந்த காகாக்களின் வாரிசுகள் இப்போது நகரமெங்கும் பறக்கின்றன. வேலி தடுப்பது உள்ளே வருவதைத்தான், பறந்து வெளியே போவதை அல்ல. வெலிங்டனில் குடியிருப்பவர்கள் பூனையை இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், தோட்டத்தில் ஒரு எலிப்பொறியும் வைக்கலாம். மரப்பெட்டிக்குள் பொறி, பட்டாணி அளவு வேர்க்கடலை வெண்ணெய், மதில் ஓரமாக. பெட்டியின் வாய் எலி நுழையும் அளவுக்கு மேல் இருந்தால் பறவையின் தலையோ பிள்ளையின் விரலோ மாட்டும். பொறியை வாய்க்குப் பக்கத்தில் வைக்காமல் பெட்டியின் உள்கோடியில் வையுங்கள்.