அளவெடுத்தது ஃபிரிட்ஜை மட்டும்தான்

காரில் கோர்த்து இழுத்துப்போகும் வீட்டு வண்டிதான் எங்கள் கேரவன். அதன் ஃபிரிட்ஜை மாற்றுவது ஒரு சனி ஞாயிறு வேலை என்று நம்பித்தான் இறங்கினேன். மூன்று வாரம் இழுத்தது. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்த இடம் இப்போதுதான் காய்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஆன நேரம் மொத்தமே நான்கு மணி நேரம் இருக்கும். மீதியெல்லாம் ஃபிரிட்ஜைச் சுற்றியிருந்த விஷயங்கள் தின்ற நேரம்.

பழையது கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் என மூன்றிலும் ஓடும் அப்ஸார்ப்ஷன் வகை. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. கீழே தீ எரியும், மேலே குளிரும். 1922-ல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் சூட்சுமம். நல்ல சாதனம்தான். ஆனால் வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் அந்தச் சுற்று தடைப்படும். எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுதான்.

ஒரு நாள் பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு, உள்ளே துளிக் குளிர்ச்சி இல்லை. மூன்று விதமாக ஓட்டியும் அதே கதை. "வெளியே எடுத்து ஒரு ராத்திரி தலைகீழா நிறுத்தி வை, சரியாயிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். குழாய்க்குள் அடைப்பு என்றால் இந்த வைத்தியம் சில சமயம் பலிக்கும் என்பது உண்மைதான். கேஸ் வேலைக்கு அங்கீகாரம் பெற்ற ஆள் வந்து இணைப்பைக் கழற்றி, குழாய் முனையை அடைத்து, கசிவு சோதித்துவிட்டுப் போனார். இந்த மொத்தக் கதையிலும் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்னபடி முடித்தவர் அவர் ஒருவர்தான். கேஸ் குழாயை மட்டும் நீங்களே தொடாதீர்கள்.

அப்புறம் நானும் தம்பியும் ஃபிரிட்ஜை இழுத்தோம். பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடிகளுக்குள் ஒளிந்திருந்த நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றியாகிவிட்டது, ஆனாலும் அசையவில்லை. "அக்கா, இன்னும் எங்கயோ பிடிச்சிருக்கு" என்று அவன் சொல்லச் சொல்ல நான் விடாமல் இழுத்தேன். பின்னால் புகைக்குழாய் வெளிச்சுவரோடு கிளிப் போட்டு மாட்டியிருந்தது. வெளிப்பக்க வென்ட்டை, அதாவது காற்று போய்வரும் சல்லடை மூடியை, திறந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் திடீரென்று விடுபட்டு வந்த வேகத்தில் போனதுதான் மேலே சொன்ன விரல் முட்டிகள். வாசல் வழியாக வெளியேற்ற ஃபிரிட்ஜின் கதவையும் வண்டிக் கதவின் பூட்டையும் கழற்ற வேண்டியிருந்தது.

ஒரு ராத்திரி முழுக்க அதைச் சிரசாசனத்தில் நிறுத்தி வைத்தோம். காலையில் நிமிர்த்தும்போதுதான் பின்பக்கக் குழாயின் ஒரு வளைவில் மஞ்சளாகப் பொடி படிந்திருந்தது கண்ணில் பட்டது. கிட்டே போனால் மூக்கில் சுருக்கென்று அம்மோனியா. துருப்பிடிக்காமலிருக்க உள்ளே சேர்க்கும் குரோமேட் உப்பு கசிந்து வெளியே வந்தால் அப்படித்தான் மஞ்சளாக நிற்கும். கசிந்துபோனதற்கு வைத்தியமே கிடையாது. வென்ட்டைக் கழற்றி ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பொடி நஞ்சு என்பதால் வெறும் கையால் துடைக்க வேண்டாம்.

அடுத்தது கம்ப்ரசர் வகை என்று முடிவு செய்தேன். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், வண்டி சாய்ந்து நின்றால் கோபித்துக்கொள்ளாது, வெயிலிலும் நன்றாகக் குளிரும். விற்றவர் நான் சொன்ன அளவுகளைக் கேட்டுவிட்டு, "அதே சைஸ்தான் மேடம், அப்படியே உட்கார்ந்துடும். வயரும் அதே வயர்தான்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களையும் நம்பியது என் தப்பு.

முதல் வாக்கியம் வீட்டு வாசலிலேயே பொய்த்துப் போனது. நான் அளந்தது பெட்டியிடத்தின் முன்பக்க அகலம், உயரம், நடுவில் ஆழம். கீழே பின்பக்க மூலையில் சக்கரத்தின் மேல்வளைவு உள்ளே துருத்திக்கொண்டு வருவதை அளக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜில் அந்த இடத்துக்கு நேராகப் படி வைத்து வெட்டியிருந்தது. புதியதில் அங்கேதான் கம்ப்ரசர். 4 செ.மீ. முன்னால் துருத்தி நின்றது. திரும்பவும் பெட்டியில் போட்டு, திரும்பவும் கடை. எதிர்பார்த்த முகச்சுளிப்போடு மாற்றித் தந்தார்கள். ஒரு முழு நாள் போச்சு. அட்டையில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டு உருவத்தை வெட்டி உள்ளே நுழைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டாவது தடவை அதைத்தான் செய்தேன்.

காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்ததால், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்தேன். உள்ளே தள்ளியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. கதவு திறக்கும் திசையை மாற்ற அரை மணி நேரம். ஸ்க்ரூவை அதற்கென்று விட்டிருக்கும் ஓட்டைகளில் மட்டும் போடுங்கள். ஃபிரிட்ஜ் சுவரில் புது ஓட்டை போட்டால் நுரைக்குள் ஓடும் குழாயைக் குத்திவிட வாய்ப்பு உண்டு.

இனி வயர்.

பழைய ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட் வயர் இரண்டு ஜோடி வந்திருந்தது. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடிமன்தானே நல்லது? அதில் மாட்டினேன். சரியாக அந்த நேரம் தம்பி வண்டியை இடம் மாற்றுவதற்காகக் காரைக் கோர்த்து எஞ்சினை ஓடவிட்டிருந்தான். ஃபிரிட்ஜில் விளக்கு எரிந்தது, கம்ப்ரசர் மெல்ல முனகியது, பத்து நிமிடத்தில் உள்தகடு பனி பிடித்தது. இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டோம். அவன் எஞ்சினை அணைத்தான். ஃபிரிட்ஜும் அணைந்தது.

ஒரு மணி நேரம் ஃபியூஸையெல்லாம் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். எஞ்சினைப் போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். யோசித்தால் காரணம் எளிமை. அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் ஓடும்போது உள்ளே இருப்பது வெறும் ஹீட்டர். 10 ஆம்பியருக்கு மேல் ஓய்வில்லாமல் இழுக்கும். நின்ற வண்டியில் ஓடவிட்டால் ஒரே ராத்திரியில் பேட்டரியைக் காலி செய்துவிடும். அதனால் அந்தத் தடிமன் ஜோடிக்கு நடுவில் ஒரு ரிலே இருக்கும்; இழுக்கும் காரின் எஞ்சின் ஓடினால்தான் கரன்ட் விடும். கேரவன் பேட்டரிக்கும் அந்த வயருக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, மெல்லிசு ஜோடி பேட்டரியிலிருந்து வருகிறதே என்று அதற்கு மாற்றினேன். டிக் என்று ஒரு சத்தம், நாலு நொடி ஓட்டம், அமைதி. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் டிக். சின்ன சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கி, இடைவெளி விட்டு, மறுபடியும் ஒரு தடவை மினுக்கியது. கையேட்டைப் பார்த்தால் ஒரு மினுக்கல் என்றால் வோல்டேஜ் போதவில்லை என்று போட்டிருந்தது. ஆனால் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6. விற்றவருக்குப் போன் செய்தேன். "பேட்டரி போயிருக்கும் மேடம், மாத்திடுங்க."

நல்ல வேளை, மாற்றவில்லை. தம்பியை ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜின் பின்னால், வயர் சேரும் இடத்திலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.6. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 10.2. இந்த கம்ப்ரசர் 10.4-க்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும், 11.7-க்கு மேல் ஏறினால் மறுபடியும் முயலும். அணைந்ததும் வோல்டேஜ் உடனே ஏறிவிடும், ஆகவே மறுபடி கிளம்பும், மறுபடி விழும். நாள் முழுக்க டிக், டிக் என்று அதே கூத்து.

அந்த மெல்லிய ஜோடி பழைய ஃபிரிட்ஜின் தீப்பொறிக்கும் விளக்குக்கும் மட்டும் போட்டது, 1 சதுர மி.மீ. செம்பு. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை வளைந்து நெளிந்து 7 மீட்டர், போக வர 14 மீட்டர். அதன் மின்தடை கிட்டத்தட்ட கால் ஓம். 5 ஆம்பியர் ஓடினாலே 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். 6 சதுர மி.மீ. வயர் என்றால் இழப்பு 0.2 வோல்ட்தான். பேட்டரியில் மட்டும் மீட்டரை வைத்து ஆயிரம் தடவை பார்த்தாலும் இது தெரியாது. சுமை ஓடும்போது, சுமை இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும்.

புது வயர் இழுக்க ஒரு நாள். இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டிகள் வழியாக, மரத்தில் ஓட்டை போட்ட இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் வைத்து இழுத்தேன். ஃபியூஸை முதலில் ஃபிரிட்ஜ் பக்கம் வைத்துவிட்டு, இரவு படுத்த பிறகு நினைவு வந்து எழுந்து போய்ப் பேட்டரி பக்கம் மாற்றினேன். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது முதலில் வயரை. நடுவில் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால் மறுமுனையில் இருக்கும் ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால் வண்டியின் பொது ஸ்விட்சை அணைத்தாலும் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் தனி ஸ்விட்ச் ஒன்று வைத்தேன். இப்போது ஓடும்போது பேட்டரியில் 12.4, ஃபிரிட்ஜில் 12.2. அந்த 12.2-ஐப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

முடிந்தது என்று பார்த்தால், மறுநாள் வெயிலில் கம்ப்ரசர் நிற்கவே இல்லை. குளிர்ந்தது, ஆனால் ஓய்வே கிடையாது. வெளியே போய்ப் பார்த்தால், குளிர்காலத்தில் வென்ட்டில் மாட்டும் மூடியை நானே போன சீசனில் மாட்டி, எடுக்க மறந்திருக்கிறேன். எடுத்தும் பாதிதான் குணம். புதிய ஃபிரிட்ஜ் பழையதைவிட ஆழம் குறைவு, ஆகவே பின்னால் ஒரு பெரிய காலியிடம். கீழ் வென்ட்டில் வந்த காற்று, ஃபிரிட்ஜின் சூட்டை வெளியே விடும் பின்பக்கச் சுருளைத் தொடாமல் சுவரோரமாக ஏறி மேல் வென்ட்டில் போய்விட்டது. சுருளைச் சுற்றி இருந்த சூடு அங்கேயே நின்றது. மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வளைத்து, காற்று சுருளை உரசிக்கொண்டே ஏறும்படி சாய்வாகப் பொருத்தினேன். பக்கவாட்டு இடுக்குகளில் நுரைப்பட்டை. அதன் பிறகுதான் ஓடுகிற நேரத்துக்குச் சமமாக ஓய்வும் எடுக்க ஆரம்பித்தது. இரவில் ஓய்வு இன்னும் அதிகம்.

அப்போது தம்பி தரையில் இருந்த ஓட்டையையும் நுரையால் அடைக்கப் போனான். "குளிர் ஏறும் அக்கா." நல்ல வேளை பார்த்தேன். அது கேஸ் வெளியேறும் ஓட்டை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடுப்பு இன்னும் கேஸில்தான் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் மாறினாலும் அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு என் ஃபிரிட்ஜ் எடுப்பது சுமார் 42 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதாவது சார்ஜ் இல்லாமல் ஒரு நாள். இரண்டாம் நாள் சந்தேகம். சோலார் பேனல் இல்லாமல் கம்ப்ரசருக்குப் போகாதீர்கள். கரன்ட் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் நிற்பவர்களுக்குப் பழைய கேஸ் ஃபிரிட்ஜே மேல் என்று இப்போதும் சொல்வேன். ராத்திரியில் சத்தமும் இருக்காது. என் படுக்கை ஃபிரிட்ஜிலிருந்து இரண்டடி தள்ளி. கீழே ரப்பர் வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

முதல் பயணத்துக்கு முந்தின இரவே குளிரவிட்டு, தண்ணீர் பாட்டில்களால் நிரப்பிக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்து தம்பிதான் முதலில் உள்ளே ஏறினான். ஃபிரிட்ஜ் கதவுக்குப் பயணப் பூட்டு என்று தனியாக ஒரு கொக்கி இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. ஏதோ ஒரு வளைவில் கதவு திறந்து, பாட்டில்கள் உருண்டு, ஒன்றிரண்டு உடைந்து, தரை முழுக்கத் தண்ணீர். சாக்ஸோடு அதில் காலை வைத்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"அக்கா, ஃபிரிட்ஜ் நல்லாவே வேலை செய்யுது. கால் மரத்துப்போச்சு."