மெயில் சர்வருக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் வாங்கிய அனுபவம்

தெரிந்தவர் ஒருவரின் அச்சகத்துக்காக வாடகை சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளை நிறுவினேன். மெயில் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் ஏற்பாடுகள் இரண்டும் சரியாக இருந்தன. ஆனாலும் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பியதெல்லாம் 550-5.7.25 என்ற பிழை எண்ணோடு திரும்பி வந்தன. அனுப்பும் ஐபிக்கு (சர்வரின் எண் முகவரிக்கு) பிடிஆர் பதிவு, அதாவது அந்த எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு, இல்லை என்பதுதான் அதன் பொருள். 2024 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள ஜிமெயில் விதிகளின்படி, யார் அனுப்பினாலும் இது இருந்தாக வேண்டும்.

டொமைன் வாங்கிய இடத்தில் போய் பிடிஆர் சேர்ப்பதில் பயனில்லை. பெயரிலிருந்து ஐபிக்குப் போகும் ஏ பதிவுதான் டொமைன்காரர் கையில் இருக்கிறது. ஐபியிலிருந்து பெயருக்கு வரும் வழி டிஎன்எஸ்ஸின் வேறொரு பகுதியில், அதாவது வேறு மண்டலத்தில் இருக்கிறது. 203.0.113.25 என்ற ஐபி என்றால், எண்களைத் திருப்பிப் போட்டு 25.113.0.203.இன்-அட்ர்.அர்ப்பா என்று தேடுவார்கள். அந்த மண்டலம் ஐபி தொகுதியை வைத்திருப்பவருடையது. ஆகவே கேட்க வேண்டியது சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான்.

சில நிறுவனங்கள் கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கும். எனக்கு வாய்த்த இடத்தில் டிக்கெட் போட வேண்டியிருந்தது. ஏ பதிவு முதலில் அதே ஐபியைக் காட்டட்டும், பிறகு பிடிஆர் வைக்கிறோம் என்றார்கள். நியாயமான நிபந்தனை. போவதும் வருவதும் ஒரே பெயரில் முடிந்தால்தான் எதிர்முனை சர்வர் நம்பும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் பெயராகச் சொல்லும் மைஹோஸ்ட்நேம் அமைப்பிலும் அதே பெயரைப் போட்டேன். எதிர்முனையோடு இணையும்போது முதலில் ஹலோ சொல்லும் கட்டத்தில் வேறு பெயர் போனால் சந்தேகப்படும் சர்வர்களும் உண்டு.

டிஎன்எஸ் பதிவுகளைத் தேடிக் காட்டும் டிக் கட்டளையில் சரியான பெயர் வந்தது. ஆனால் மெயில்களில் பாதி போனது, பாதி திரும்பியது. இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சர்வரின் லாகை (நிகழ்வுக் குறிப்பை) வரி வரியாகப் படித்த பிறகு காரணம் தெரிந்தது: திரும்பியவை எல்லாம் சர்வருக்கு இருந்த இன்னொரு முகவரியான, புதிய வகை ஐபிவி6 வழியாகப் போனவை. அந்த முகவரிக்கென்று தனியாக பிடிஆர் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸை பழைய வகையான ஐபிவி4-இல் மட்டும் பேச வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இன்னொரு டிக்கெட் போட்டு, ஐபிவி6-க்கும் அதே பெயரை வைக்கச் சொன்னேன். டொமைனில் பெயரிலிருந்து ஐபிவி6-க்குப் போகும் ஏஏஏஏ பதிவும் சேர்த்தேன்.

அப்புறம் வேறொரு போஸ்ட்ஃபிக்ஸ் சர்வருக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, எந்த சர்வரிலிருந்து வந்தது என்று காட்டும் அதன் ரிசீவ்டு தலைப்பைத் திறந்து பார்த்தேன். முன்பு 'அன்னோன்' என்று இருந்த இடத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது.