மைக் இல்லாத கச்சேரி

பிப்ரவரி 24, சனி

பாப்பா சென்னையிலிருந்து போன் பண்ணினாள். ஆபரா என்று பாட்டாலேயே நடத்தும் மேற்கத்திய நாடகம் இருக்கிறதே, ஐரோப்பாவின் பெரிய ஆபரா மேடைகளில் பாடும் ஓர் அம்மாள் வருகிறாராம், பியானோ மட்டும் பக்கவாத்தியமாம், இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். எனக்கும் ஆபராவுக்கும் என்ன சம்பந்தம் என்று இழுத்தேன். "அப்பா, அதுல மைக்கே கிடையாதுப்பா" என்றாள். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சத்துவாச்சாரியில் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவனிடம் இதைவிடப் பெரிய தூண்டில் போட முடியாது.

பாடகியின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் எல்லாரும் யூடியூபில் தேடி, செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ பில்டப்பு" என்று கேட்பீர்கள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பாப்பா அனுப்பிய அந்த அம்மாளின் பாட்டுகளைக் கடையில் அகூஜா ஆம்ப்ளிஃபையரில் போட்டுக் கேட்டேன். ட்ரெபிளை ஏற்றினால் காதைக் கிழிக்கிறது, இறக்கினால் பாட்டே செத்துப்போகிறது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, யாரையாவது போட்டு அடிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஒரு பாட்டின் கதை மட்டும் பிடித்துக்கொண்டது. டெலிப் என்ற பிரெஞ்சுக்காரர் இசையமைத்து 1883இல் பாரிஸில் அரங்கேறிய 'லக்மே' ஆபராவில் வருவது. கதை நடப்பது வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவில். நீலகண்டன் என்ற பூசாரி, ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பொறிவைத்துப் பிடிக்கத் தன் மகள் லக்மேவை நடுக்கடைத்தெருவில் பாட வைக்கிறான். அவள் பாடுவது ஒரு தீண்டப்படாத குலத்துப் பெண்ணின் கதை: காட்டில் விலங்குகளிடம் சிக்க இருந்த வழிப்போக்கனை அந்தப் பெண் கையிலிருந்த மணியை ஆட்டிக் காப்பாற்றுகிறாள், பார்த்தால் அவன் சாட்சாத் விஷ்ணு, அவளை வானுலகத்துக்கே கூட்டிப்போய்விடுகிறான். எல்லாம் சரிதான், ஆனால் பாட்டில் விஷ்ணுவைப் பிரம்மாவின் மகன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! பாட்டு எழுதியவர்கள் ஒரு நடை பள்ளிகொண்டா வந்து ரங்கநாதரைப் பார்த்திருந்தால் யாருக்கு யார் பிள்ளை என்று தெரிந்திருக்கும்.

மார்ச் 1, வெள்ளி

குடியாத்தத்தில் காதுகுத்து. இருபுறமும் இரண்டிரண்டு பாக்ஸ், போதாதென்று தெருமுனை வரை ஹாரன். தாய்மாமன்கள் சீர் கொண்டுவரும்போது "அண்ணே, சவுண்ட் பத்தல" என்று மூன்று பேர் வந்து சொன்னார்கள்.

மார்ச் 2, சனி

காட்பாடியில் ரயில் பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர் மியூசியம் தியேட்டர். 1896இல் கட்டிய அரங்கம். மேடையை நோக்கி அரைவட்டமாக இறங்கும் இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. மைக்கை நம்பாமல் கட்டிய இடம் என்பது உள்ளே நுழைந்ததுமே புரிந்தது. பழக்கதோஷத்தில் முதலில் ஸ்பீக்கர் எங்கே தொங்குகிறது என்று தேடினேன். உச்சியில் கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். கடைசி ஆளுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதுதானே நம் தொழில்.

பியானோவின் மூடியை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மாள் வந்தார், ஒரு கையை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டார். செக் இல்லை, ஹலோ இல்லை, நேராகப் பாட்டு.

முதல் சில நிமிடம் எனக்கு ஏமாற்றம்தான். சத்தம் குறைவாகப் பட்டது. நேற்று முழுக்க ஹாரன் அடியில் நின்ற காது, வேறெப்படி இருக்கும்? அப்புறம் காது மெல்ல இறங்கி வந்தது.

ஷூபர்ட் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளர் 17 வயதில், 1814இல் போட்ட பாட்டு ஒன்று. ராட்டை சுற்றும் பெண், போனவனை நினைத்துப் பாடுகிறாள். பியானோக்காரரின் வலது கை ராட்டையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவன் கொடுத்த முத்தம் நினைவுக்கு வரும் இடத்தில் அவள் குரல் மேலே ஏறி நிற்க, ராட்டை நின்றுவிடுகிறது. பிறகு பியானோ இரண்டு சுற்று சுற்றப் பார்க்கிறது, நிற்கிறது, மறுபடி முயன்று ஒருவழியாக ஓடுகிறது. எங்கள் பாட்டி லுங்கித் தறிக்கு நூல் சுற்றியவள். நூல் அறுந்து முடிச்சுப் போட்டபின் ராட்டை அப்படித்தான் தயங்கித் தயங்கிக் கிளம்பும்.

அப்புறம் லக்மேவின் மணிப் பாட்டு. ஆரம்பத்தில் வார்த்தையே கிடையாது, பியானோவும் சும்மா இருக்கிறது. வெறும் 'ஆ... ஆ...' என்ற இழுப்புதான், நம் ஆலாபனை மாதிரி. நான் போனை எடுத்து டெசிபல் பார்க்கப் போனேன். பாப்பா கையில் ஒரு தட்டு தட்டி அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று. உச்சியில் மணி ஒலிப்பதுபோல் துண்டு துண்டாக வைக்கும் ஸ்வரங்களுக்கு அவர் வாயை எவ்வளவு திறந்தார் என்பதை நானே பார்த்தேன்.

ஆனால் என்னை அசைத்தது அந்த உச்சி இல்லை. வேறொரு பாட்டின் முடிவில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, பெருக்கி, பிறகு குறைத்துக்கொண்டே போனார். எங்கள் மிக்சரில் ஃபேடரை இறக்குவதுபோல இறங்கியது, ஆனால் குரல் பின்னால் போகவில்லை. ஃபேடரை இறக்கினால் பாடகர் தூரமாகப் போய்விடுவார். இவர் சின்னதாகிக்கொண்டே என் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கத்தினால் எவனும் கேட்பான். இவ்வளவு மெல்லப் பாடிக் கடைசி வரிசையைத் தொட எந்த கம்பெனி பாக்ஸ் இருக்கிறது?

கடைசியில் கைதட்டல் நிற்காததால் ஒன்று கூடுதலாகப் பாடினார். புச்சீனி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் 1918 ஆபராவில் மகள் அப்பாவிடம் கெஞ்சும் பாட்டு: நான் விரும்பியவனைக் கட்டிவைக்காவிட்டால் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துவிடுவேன். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம பாலாத்துல குதிச்சா முட்டிதாம்மா பேரும்" என்றேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மைக் இல்லாத இடத்தில் என் குரலும் நன்றாகத்தான் கேட்கிறது.

பெங்களூர் மெயிலில் திரும்பினேன். காட்பாடியில் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

மைக் இல்லாமல் இவர்களால் இது எப்படி முடிகிறது என்று பாதி நாள் தேடிப் படித்தேன். சுவீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி என்ற ஆய்வாளர் 1970களில் ஆராய்ந்திருக்கிறார். தேர்ந்த ஆபரா குரல்களில், முக்கியமாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்புகிறது. ஆர்க்கெஸ்ட்ராவின் பலமெல்லாம் 500ஐ ஒட்டி. அதனால் குரல் அதன் தலைக்கு மேலே தாண்டி வருகிறது. ஈக்வலைசரில் பேச்சு தெளிவாக நான் ஏற்றுவதும் அதே 3 கே பக்கம்தான். இவர்கள் அதைத் தொண்டையிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். சோப்ரானோ, அதாவது பெண்களின் மிக உயர்ந்த குரல், உச்சிக்குப் போனால் கணக்கு வேறு. தாடையை இறக்கி, வாய்க்குள் இருக்கும் ஒத்ததிர்வைப் பாடும் ஸ்வரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்த உயரத்தில் வார்த்தை புரியாமல் போவது அதனால்தான்.

நம் பாடகிகள் ஐந்து கட்டை சுருதியில் மேல் பஞ்சமத்தில் நின்றாலே சபா தலையாட்டும். மணிப் பாட்டின் உச்சி அந்தப் பஞ்சமத்துக்கும் ஒரு ஸ்தாயிக்கு மேலே, 1300 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகையைத் தொண்டையால்தான் நிரப்பினார்கள். கிட்டப்பா 1933இல், 27 வயதில் போய்விட்டார். எங்கள் வட ஆற்காட்டுக் கூத்துக்காரர்களும் அப்படித்தான், அதுவும் சுவரே இல்லாத வெட்டவெளியில்.

ஏப்ரல் 28, ஞாயிறு

செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. மைக் என்னுடையது. வேஷம் கட்டுவதற்கு முன் கூத்து வாத்தியாருக்கு அந்த அம்மாளின் பாட்டைக் காதில் மாட்டிக் கேட்கவைத்தேன். முகத்தில் பாதி அரிதாரத்தோடு கண்ணை மூடிக் கேட்டார்.

"அடிவயித்துலருந்து எடுக்குதுப்பா இந்தம்மா. எங்க வாத்தியாரும் கெணத்துல எறக்கிவிட்டுத்தான் கத்துக்குடுத்தாரு" என்றார்.

"அப்போ இன்னிக்கு மைக் இல்லாம ஒரு பாட்டு எடுக்கலாமா வாத்தியாரே?"

"எத்தினி நேரம் பாடுச்சி அது?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும்."

"நான் விடியவிடியப் பாடணும். மைக்கைக் கட்டு."

கட்டினேன். ஆனால் குரலை எதிரொலிக்க வைக்கும் ஈகோவைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வால்யூமையும் கொஞ்சம் இறக்கி வைத்தேன். ஊதும் முகவீணை தனியாகத் தெரிந்தது, பின்பாட்டு தனியாகத் தெரிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வந்தான். அரைமணி நேரத்தில் ஊர்ப்பெரியவர் ஒரு பையனை அனுப்பினார்.

"அண்ணே, சவுண்ட் பத்தலையாம். ஈகோ வேற வரலையாம்."

ஏற்றிவிட்டேன். மீதி வாடகை அவரிடம்தான் வாங்க வேண்டும்.